நான்கு மங்கல்களும் ஓர் ‘இரண்டாம் பூமி’யும்

சில மாதங்களுக்கு ஒருமுறை நமக்கு ஒரு புதிய பூமி கிடைத்துவிடுகிறது. நாளிதழின் உள்பக்கத்திலோ, தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியிலோ, கைபேசித் திரையிலோ அது வந்து சேர்கிறது. நீலக் கடலும் வெண்மேகமும் கொண்ட வண்ணப்படம் ஒன்றும் தவறாமல் உடன் வருகிறது. ‘பூமியைப் போலவே இன்னொரு கோள்’, ‘உயிர்கள் வாழ ஏற்ற சூழல்’, ‘மனிதர் குடியேறலாமா?’ என்று தலைப்புகள் அமைகின்றன. இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு அந்தப் பூமி மறக்கப்படுகிறது. அதற்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பார் எவருமில்லை. அடுத்த பூமி வரும்வரை காத்திருக்கிறோம்.

இந்தப் பழக்கத்தை எதிர்த்து எழுதியாக வேண்டும் என்று கருதுகிறோம். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் வாசகர் இருக்கக்கூடும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிக் கவலைப்படுவது இலக்கியத்தின் வேலை என்றால், இது முழுக்க இலக்கியத்தின் விவகாரமே. ‘கண்டுபிடித்தார்கள்’ என்றொரு வினைச்சொல்லும் ‘பூமி’ என்றொரு பெயர்ச்சொல்லும் சேர்ந்து, நம் காலத்தின் மிக நுட்பமான அறிவியல் முறைகளுள் ஒன்றை வாசகர் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டிருக்கின்றன. மறைக்கப்படுவது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அந்த வண்ணப்படத்தில் உள்ள எதையும் எவரும் பார்த்ததில்லை. நம் சூரியனையன்றி வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். நாசாவின் பட்டியலில் அவற்றின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000ஐ எட்டியது. இவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ‘கடப்பு முறை’யால் அறியப்பட்டவை, டிரான்சிட் என்று சொல்லப்படுவது இதுவே. கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் இடையே கடந்து செல்கையில் விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதியை மறைக்கிறது. விண்மீன் சற்றே மங்கி, சில மணி நேரம் அப்படியே இருந்து, பழைய நிலைக்குத் திரும்புகிறது. தொலைநோக்கி பதிவு செய்வது அந்த மங்கலை மட்டுமே. கோள் தனியாகத் தெரிவதில்லை. விண்மீனே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியின் ஒளியளவு நாள்கணக்கில் ஒரு வரைகோடாக எழுதப்படுகிறது. அந்தக் கோட்டில் ஒரு பள்ளம் விழுகிறது. பின்னர் அதே ஆழத்தில் அதே இடைவெளியில் மீண்டும் மீண்டும் விழுகிறதா என்று பார்க்கிறார்கள்.

பள்ளம் எவ்வளவு ஆழமானது? வியாழனை ஒத்த ஒரு கோள் சூரியனை ஒத்த விண்மீனைக் கடந்தால் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமியை ஒத்த கோள் கடந்தால் பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 13 மணி நேரம். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கோளின் சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக விளிம்பைக் காட்டி நிற்க வேண்டும். பூமியின் தொலைவில் சுற்றும் ஒரு கோளுக்கு அப்படி வாய்ப்பது ஏறத்தாழ 200இல் ஒன்று. மற்ற 199 விண்மீன்களின் கோள்கள் நம் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தாலும் இம்முறைக்கு அவை இல்லாதவையே.

பள்ளத்தின் ஆழத்திலிருந்து விண்மீனோடு ஒப்பிடக் கோள் எத்தனை பெரியது என்பது தெரியும். பள்ளங்களுக்கிடையே உள்ள இடைவெளியிலிருந்து அதன் ஆண்டு எத்தனை நாள் என்பது தெரியும்; அதிலிருந்து விண்மீனுக்கும் அதற்கும் உள்ள தொலைவைக் கணக்கிடலாம். அவ்வளவுதான். கோளின் நிறை தெரியாது. ஆகவே அது பாறையா, வாயு உருண்டையா, ஆழ்கடலா என்று தெரியாது. நிறையை அறிய வேறு வழிகள் வேண்டும்: கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை அதன் நிறமாலையில் அளக்க வேண்டும், அல்லது ஒரே விண்மீனைச் சுற்றும் கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் கடப்பு நேரங்கள் முன்பின்னாவதைக் கணக்கிட வேண்டும். 1999இல் எச்டி 209458 என்ற விண்மீனின் முன்னே ஒரு கோள் கடப்பதை டேவிட் சார்போனோவும் அவர் குழுவினரும் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு தொலைநோக்கியால் அளந்தார்கள்; கிரெக் ஹென்றியின் குழுவும் தனியாக அதைக் கண்டது. அந்த விண்மீன் அசைகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. அசைவு நிறையைத் தந்தது, மங்கல் பருமனைத் தந்தது, இரண்டும் சேர்ந்து அடர்த்தியைத் தந்தன. அது ஒரு வாயுக்கோள் என்று சொல்லும் உரிமை அப்போதுதான் வந்தது.

இனி ஒரு ‘இரண்டாம் பூமி’யை எடுத்துக்கொள்வோம். 2015 ஜூலை 23 அன்று நாசா கெப்ளர்-452பி என்ற கோளை அறிவித்தது. பூமியைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆரம், 385 நாள் ஆண்டு, சூரியனை ஒத்த விண்மீன். பூமி 2.0 என்பதைக் கண்டடைய ஒரு படி நெருங்கியிருக்கிறோம் என்பதே நாசா அறிக்கையின் பொருள். உலகெங்கும் செய்தி பரவுவதற்குள் அந்த ஒரு படி காணாமல் போயிற்று. பூமி 2.0 கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே பெரும்பாலோர் படித்தார்கள். நாசாவும் குற்றமற்றதன்று. அப்படி ஒரு சொல்லை முன்னே வைத்துவிட்டு, அதைச் சுற்றி வேலியாக நிபந்தனைச் சொற்களை நட்டால், வேலியை மேய்ந்துவிட்டுச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பது அறியாததா?

அந்த அறிவிப்பின் பின்னால் இருந்த சான்று என்ன? கெப்ளர் விண்தொலைநோக்கி நான்கு ஆண்டுகள் அந்த விண்மீனைப் பார்த்திருந்தது. ஆண்டு 385 நாள் என்பதால் நான்கு முறை மங்கல் பதிவாயிற்று. ஒவ்வொன்றும் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொன்றிலும் ஒளி பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு குறைந்தது. நான்கு மங்கல்கள், மொத்தம் நாற்பது மணி நேரச் சொச்சம். கோளின் நிறை அளக்கப்படவில்லை. அது பாறைக் கோளாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்றுதான் கண்டுபிடித்தவர்களே தம் கட்டுரையில் எழுதினார்கள். கடல், மேகம், பசுமை எல்லாம் படம் வரைந்தவரின் கொடை.

கதை அங்கேயும் முடியவில்லை. 2018இல் ஃபெர்கல் முல்லாலியும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கெப்ளரின் உணர்திறன் எல்லையில், கருவியின் சொந்த இரைச்சலே இத்தகைய பள்ளங்களைப் போலி செய்யக்கூடும். ஆகவே கெப்ளர்-452பி உறுதியான கோள் என்று வழக்கமான 99 சதவீத அளவுகோலின்படி சொல்ல இயலாது, வேறொரு கருவி தனியாகக் காணும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கோள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறது என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது என்றார்கள். 2015இல் முதல் பக்கத்தில் பூமி 2.0ஐ வரவேற்ற இதழ்களில் எத்தனை இந்தச் செய்தியை உள்பக்கத்திலாவது வெளியிட்டன? நம் கோபம் அறிவியலாளர் மீது எழாததற்குக் காரணம் இதுதான். சந்தேகத்தை எழுப்பியவர்களும் அவர்களே. அவர்களது துறையில் சந்தேகம் ஒரு கடமையாக இருக்கிறது. செய்தி உலகில் அது ஒரு இடையூறாகிவிட்டது.

‘பூமியைப் போன்ற’ என்ற அடைமொழியை அளந்து பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. வேறொரு விண்மீனின் அருகே ஒரு வானியலாளர் இருந்து, இதே கடப்பு முறையால் நம் சூரியனைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக் கோள் கடக்கும்போது அவருக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 76 பங்கு மங்கல் கிடைக்கும். பூமி கடக்கும்போது 84. வெள்ளியின் ஆரம் பூமியின் ஆரத்தில் 95 சதவீதம். நீர் திரவமாக நிற்கத்தக்க ‘வாழ்தகு மண்டல’த்தின் உள்விளிம்பை ஒட்டி அது சுற்றுகிறது. அவ்வூர் நாளிதழ்கள் நம்மூர் நாளிதழ்களைப் போன்றவையாக இருந்தால், வெள்ளியில் கடற்கரைகளை வரைந்து வெளியிட்டிருக்கும். உண்மையில் வெள்ளியின் தரையில் வெப்பம் 460 டிகிரி செல்சியஸ், காரீயம் உருகும். காற்றழுத்தம் பூமியைப் போல் 90 மடங்கு. கடப்பு முறைக்கு இந்த நரகமும் நம் வீடும் இரட்டைப் பிள்ளைகள். கெப்ளர்-452பிக்கு இருந்ததைக் காட்டிலும் பூமியோடு நெருங்கிய உருவ ஒற்றுமை வெள்ளிக்கு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘வாழ்தகு மண்டலம்’ என்ற தொடரும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. விண்மீனிலிருந்து இவ்வளவு தொலைவில் இருந்தால், தகுந்த காற்றுமண்டலம் இருக்கும்பட்சத்தில், தரையில் நீர் உறையாமலும் ஆவியாகாமலும் நிற்கக்கூடும் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. அந்த ‘இருக்கும்பட்சத்தில்’ என்பதைக் கழற்றிவிட்டால் தொலைவைப் பற்றிய ஒரு குறிப்பு, குடியிருப்பைப் பற்றிய வாக்குறுதியாகிவிடுகிறது. 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய செந்நிற விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக அறிவிக்கப்பட்டபோது அதுவே நடந்தது. 40 ஒளியாண்டு தொலைவில், மீக்கேல் ஜியோன் குழுவினர் கண்டடைந்த அந்த ஏழும் கடப்பு முறையின் உச்ச சாதனைகளில் ஒன்று. அவை ஒன்றையொன்று இழுப்பதை வைத்து நிறைகளையும் கணக்கிட்டார்கள். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது வரிசையாக அடுக்கப்பட்ட ஏழு வண்ணக் கோளங்களை, அவை ஓவியங்கள். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அவற்றுள் மிக உள்ளே சுற்றும் கோளின் வெப்பத்தை அளந்தபோது, பகல் பக்கம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் என்றும் சொல்லத்தக்க காற்றுமண்டலம் அதற்கு இல்லை என்றும் தெரிந்தது. அடுத்த கோளிலும் அடர்ந்த கரியமில வாயுமண்டலம் இல்லை என்று அதே ஆண்டு தெரிந்தது. மற்றவை இன்னும் ஆராயப்பட வேண்டியவை. ஓவியங்கள் மட்டும் முன்போலவே உலவிக்கொண்டிருக்கின்றன.

மங்கல் என்பது ஒரு சொல். அதைப் பல வகையில் படிக்கலாம். விண்மீனின் முகத்தில் கரும்புள்ளி இருந்தாலும் ஒளி மங்கும். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் மங்கும். அத்தகைய இரட்டை விண்மீன் பின்னணியில் வெகுதொலைவில் இருந்து, முன்னுள்ள பிரகாசமான விண்மீனின் ஒளியோடு கலந்துவிட்டால், அதன் ஆழமான மறைப்பு சிறு பள்ளமாகச் சுருங்கிக் கோளின் கடப்பைப் போலவே தோன்றும். இதனாலேயே இத்துறையில் ‘வேட்பாளர்’ என்றொரு சொல் உண்டு. பள்ளத்தைக் கண்டதும் கோள் என்று எழுத மாட்டார்கள். கோள் வேட்பாளர் என்று எழுதிவிட்டு அதை வீழ்த்த முயல்வார்கள். வீழாமல் நிற்பதே கோள். தான் கண்டதைத் தானே முதலில் அடித்துப் பார்க்கும் இந்த ஒழுக்கம் நம் விமரிசன உலகில் எத்தனை பேருக்கு உண்டு என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறோம்.

ஒரு மங்கலை எப்படியெல்லாம் படிக்கலாம் என்பதற்கு 2015இல் பேசப்பட்ட கேஐசி 8462852 நல்ல எடுத்துக்காட்டு. கெப்ளரின் பதிவுகளை ஆர்வலர்கள் கண்ணால் பார்த்துத் தேடும் ‘பிளானட் ஹன்டர்ஸ்’ திட்டத்தில் அகப்பட்டது அது. ஒழுங்கற்ற இடைவெளிகளில் அதன் ஒளி ஒருமுறை 15 சதவீதமும் இன்னொருமுறை 22 சதவீதமும் குறைந்திருந்தது. டபேத்தா போயாஜியன் தலைமையிலான குழு இதை வெளியிட்டு, வால்மீன் கூட்டம் உள்ளிட்ட இயற்கை விளக்கங்களை ஆராய்ந்தது. வேற்றுலகத்தார் விண்மீனைச் சுற்றிக் கட்டிய பெருங்கட்டுமானமாக இருக்கக்கூடுமோ என்ற ஓர் ஊகமும் எழுந்தது. உலகச் செய்தி அந்த ஊகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பொதுமக்கள் 1,700 பேருக்கு மேல் அளித்த நிதியால் அந்த விண்மீன் தொடர்ந்து கவனிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் விடை வந்தது. நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மங்கியது. திடமான பொருள் மறைத்தால் எல்லா நிறமும் ஒன்றுபோல் குறைய வேண்டும். ஆகவே மறைத்தது மெல்லிய தூசி. ஒரு நிறத்துக்கும் இன்னொரு நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, நெடுந்தொலைவில் உள்ள ஒரு தூசித் திரையின் துகள்கள் எத்தனை நுண்ணியவை என்று மனிதர்கள் சொன்னார்கள். இதைவிட வியப்பான செய்தி உண்டா? ஆனால் தூசிக்கு வேற்றுலகத்தாரின் கவர்ச்சி இல்லை. அது அமைதியாக வந்து அமைதியாகப் போயிற்று.

அண்மைய எடுத்துக்காட்டு கே2-18பி. 124 ஒளியாண்டு தொலைவில், பூமியைப் போல் 2.6 மடங்கு ஆரமும் ஏறத்தாழ 8.6 மடங்கு நிறையும் கொண்டது; ஆண்டு 33 நாள். இதில் கடப்பு முறையின் அடுத்த படி பயன்படுகிறது. கோள் கடக்கும்போது விண்மீனின் ஒளியில் மிகச் சிறு பங்கு கோளின் காற்றுமண்டல விளிம்பை ஊடுருவி வருகிறது. அங்குள்ள வாயுக்கள் தத்தமக்குரிய நிறங்களை விழுங்கிவிடுவதால், எந்த நிறத்தில் பள்ளம் சற்றே ஆழம் என்று பார்த்தால் எந்த வாயு என்று சொல்லலாம். எச்டி 209458பியின் காற்றில் சோடியம் இருப்பதை 2002இல் வெளியான கட்டுரையில் காட்டிய வழி இதுவே. 2019இல் கே2-18பியில் நீராவி என்று செய்தி வந்தது. ‘வாழத்தக்க கோளில் தண்ணீர்’ என்று உலகம் கொண்டாடியது. 2023இல் ஜேம்ஸ் வெப் தந்த நுட்பமான நிறமாலையில் மீத்தேனும் கரியமில வாயுவும் தெளிவாகத் தெரிந்தன. நீராவிக்கு உறுதியான தடம் கிட்டவில்லை. முன்பு நீராவி என்று படிக்கப்பட்டது மீத்தேனாக இருக்கலாம் என்றார்கள்.

பிறகு 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழுவினர், பூமியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவு மூலக்கூறு அங்கே இருப்பதற்கான தடத்தை ‘மூன்று சிக்மா’ அளவில் அறிவித்தார்கள். ஐந்து சிக்மா வேண்டும், மேலும் பல மணி நேரம் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். சில வாரங்களுக்குள் பிற குழுக்கள் அதே தரவை வேறு முறைகளில் ஆராய்ந்து, அப்படிச் சொல்லச் சான்று போதாது என்றன. அந்த மூலக்கூறு உயிரில்லாத ஒரு வால்மீனிலும் இருப்பது 2024இலேயே காட்டப்பட்டிருந்தது. ஆய்வுலகில் நடந்தது முறையான விவாதம். வெளியே நடந்தது ‘வேற்றுக்கோளில் உயிர்’ என்ற கூக்குரல். விவாதத்தின் ஒரு வாக்கியத்தைப் பிடுங்கித் தீர்ப்பாக வாசித்தார்கள்.

நம்மை மறுப்பவர்களின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாதம்: பொதுமக்களுக்கு இரைச்சலும் சிக்மாவும் புரியாது, ‘இரண்டாம் பூமி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள், அவர்கள் திரும்பிப் பார்த்தால்தான் ஆய்வுக்குப் பணம் வரும். இதற்கு கெப்ளரின் வரலாறே விடை. கோள்கள் விண்மீனுக்கு மிக அருகிலும் சுற்றக்கூடும், அவற்றின் மறைப்பை ஒளியளவில் காணலாம் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952இலேயே ஒரு சிறு கட்டுரையில் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாசாவின் வில்லியம் போருக்கி 1984இல் கடப்பு முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1992க்கும் 1998க்கும் இடையே அவர் குழுவின் திட்டம் நான்கு முறை நிராகரிக்கப்பட்டது. இத்தனை நுண்ணிய மங்கலை எந்த ஒளியுணர்வியாலும் அளக்க முடியாது என்பது நிராகரிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவர்கள் கவர்ச்சியான சொல் எதையும் தேடிப் போகவில்லை. ஆய்வகத்தில் செயற்கை விண்மீன்களை அமைத்து, அவற்றின் குறுக்கே மெல்லிய கம்பியை வைத்து, மின்சாரத்தால் அதைச் சூடாக்கிச் சற்றே பருக்கச் செய்து, பூமியின் கடப்புக்கு இணையான மங்கலை உண்டாக்கி, அதை அளந்து காட்டினார்கள். 2001இல் திட்டம் ஏற்கப்பட்டது. 2009 மார்ச்சில் விண்ணுக்குச் சென்றது. பணத்தைக் கொண்டுவந்தது அந்தக் கம்பி.

இரண்டாவது வாதம் நம் சொந்த முகாமிலிருந்து வருகிறது. கற்பனைக்கு உரிமை இல்லையா, நாலு மங்கல்களிலிருந்து ஒரு உலகைப் படைப்பது கவிஞனின் வேலை அல்லவா என்று இலக்கிய நண்பர்கள் கேட்பார்கள். தாராளமாகப் படைக்கட்டும். புனைவு தன்னைப் புனைவு என்று சொல்லிக்கொள்கிறது. அதுவே அதன் நேர்மை. செய்தியின் உடையில் வரும் புனைவோடுதான் நமக்கு வழக்கு. ஒரு கல்வெட்டில் நான்கு எழுத்து மட்டும் மிஞ்சியிருக்க, மீதியைத் தாமே எழுதிச் சேர்த்து ‘கிடைத்தது’ என்று ஒருவர் பதிப்பித்தால் நாம் சும்மா இருப்போமா? பாட வேறுபாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் சண்டையிடும் நாம், வானத்துப் பாடத்தில் இத்தனை இடைச்செருகலை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம்?

இங்கே புதுச்சேரியோடு தொடர்புடைய ஒரு பழைய மனிதரை நினைவுகூர வேண்டும். வெள்ளி சூரியனைக் கடப்பதும் இதே கடப்புதான். அதை உலகின் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பல திசைகளுக்குப் பயணப்பட்டனர். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல் 1761ஆம் ஆண்டுக் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கப் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. கப்பல் திரும்பியது. கடப்பு நிகழ்ந்த நாளில் அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலின் மேல்தளத்தில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி சூரியனைக் கடப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். ஆனால் தாம் நின்ற இடத்தின் தீர்க்கரேகையையும் நேரத்தையும் வேண்டிய துல்லியத்தில் அறிய வழியில்லாததால் அந்தக் காட்சி அறிவியலுக்கு உதவாது என்று ஒதுக்கினார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூனில், மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமான புதுச்சேரியில், கருவிகளோடு தயாராக நின்றபோது மேகம் மூடிக்கொண்டது. அவரது துரதிர்ஷ்டத்தையே எல்லோரும் சொல்வார்கள். நாம் சுட்ட விரும்புவது 1761ஆம் ஆண்டின் அந்த நாளை. நேரில் கண்டதையே, அளவு சரியில்லை என்பதால், அவதானிப்பு என்று சொல்ல மறுத்த மனிதர் அவர். எவரும் காணாத கடற்கரைகளைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுகிறவர்கள் அவர் பெயரை ஒருமுறை உச்சரித்துப் பார்க்கலாம்.

இந்த மிகையால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பெரிய நட்டம், உண்மையான செய்தி நம்மை வந்து சேராமல் போவது. கெப்ளர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விண்மீன்களை ஒரே சமயத்தில் ஆண்டுக்கணக்கில் பார்த்தது. அது நமக்குத் தந்தது ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. குடிபோவதற்கான முகவரி எதையும் அது தரவில்லை. நம் விண்மீன் மண்டலத்தில் விண்மீன்களைவிடக் கோள்கள் அதிகம் என்பது அந்தக் கணக்கெடுப்பின் முதல் பாடம். பூமியைவிடப் பெரியதும் நெப்டியூனைவிடச் சிறியதுமான கோள்களே, விண்மீன்களுக்கு அருகில் சுற்றுபவற்றில் மிகச் சாதாரணமானவை என்பது அடுத்தது. நம் சூரியக் குடும்பத்தில் அந்த வகையில் ஒன்றுகூட இல்லை. வானில் எங்கும் மலிந்து கிடப்பது நம் வீட்டில் இல்லை. நம் வீடு இயல்பான மாதிரி என்று நினைத்திருந்தது தவறு. அந்தக் கோள்கள் எதனால் ஆனவை என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. கே2-18பி உண்மையில் இந்த விடுகதையின் ஒரு பகுதி. ஆனால் நாமோ ஆறாயிரம் அந்நியர்களின் கூட்டத்தில் நம் முகச்சாயல் உள்ளவரை மட்டும் தேடி, மற்றவர்களைப் பார்க்கவே மறுக்கிறோம்.

இன்னொரு நட்டம் நம் தரையில் நேர்கிறது. ‘இன்னொரு பூமி இருக்கிறது’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் செவிக்கு, இந்தப் பூமி கெட்டால் என்ன என்ற ஓர் அலட்சியம் மெல்ல ஏறுகிறது. கணக்கைப் பார்ப்போம். கெப்ளர்-452பியின் தொலைவு முதலில் 1,400 ஒளியாண்டு எனப்பட்டது. கையா விண்கலத்தின் அளவீட்டுக்குப் பின் ஏறத்தாழ 1,800 என்றாயிற்று. சூரியக் குடும்பத்தைவிட்டு நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்லும் வாயேஜர்-1 அந்தத் தொலைவைக் கடக்க மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குடியேறலாமா என்று கேட்டுத் தலைப்பிடுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் அதன் கீழே அச்சிடட்டும்.

எழுதுகிறவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. எப்படி அறிந்தார்கள் என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லுங்கள்: மங்கலா, அசைவா, நேரடிப் படமா? எத்தனை மங்கல்கள் என்று சொல்லுங்கள். நிறை தெரியுமா என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் பாறை என்றோ கடல் என்றோ எழுதாதீர்கள். ஓவியத்தின் கீழே ஓவியம் என்று தலைப்பளவு எழுத்தில் அச்சிடுங்கள். பின்னால் மறுப்பு வந்தால், அறிவிப்பு வந்த அதே இடத்தில் அதையும் வெளியிடுங்கள். இதற்கு வானியல் பட்டம் வேண்டாம். நல்ல மெய்ப்புத் திருத்துநருக்கு இருக்கும் பிடிவாதம் போதும்.

வாசகர்களிடம் கேட்பது அதைவிடக் குறைவு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளாட்டோ விண்கலம், சூரியனை ஒத்த விண்மீன்களைச் சுற்றும் பூமியளவுக் கோள்களைத் தேடுவதற்கென்றே 26 ஒளிக்கருவிகளோடு உருவாக்கப்பட்டது. அந்தத் தேடலில் 365 நாளை ஒட்டிய ஆண்டும் பூமியை ஒத்த ஆரமும் கொண்ட ஒரு கோள் என்றேனும் ஒருநாள் அகப்படலாம். அதற்கும் சான்று மூன்று ஆண்டுகளில் மூன்று மங்கல்களாகவே இருக்கும். அதன் பின் அதன் நிறையை அளக்கத் தரையிலுள்ள தொலைநோக்கிகள் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். அந்த நாளில் ‘பூமி’ என்ற சொல்லை எவரேனும் பொறுப்போடு சொல்ல நேர்ந்தால், இருபது முறை பொய்யாகக் கூவப்பட்டுத் தேய்ந்துபோன சொல்லாக அது நம் காதில் விழக்கூடாது. அதுவரை, இன்னொரு பூமி என்று எவர் வந்து சொன்னாலும், எத்தனை மங்கல்கள், நிறை என்ன என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் செய்தியை மடித்து வைத்துவிடலாம்.